ஊர்ப் பணத்தில் வாங்கும் சோறு

2017 ஜனவரி முதல் தேதி சிலாங்கூரில் சாப்பாடு கட்டித் தரும் பாலிஸ்டிரீன் பெட்டிக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக் பைக்கு எல்லா நாளும் 20 சென் வாங்கும் முறையும் அன்றுதான் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதி கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் ஆகிய கூட்டரசுப் பிரதேசங்களும் பாலிஸ்டிரீனை விலக்கின. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் வடை கட்டிக் கொடுப்பவர், பிரிக்பீல்ட்ஸில் காலையில் நாசி லெமாக் விற்பவர், மண்டபங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் கேட்டரிங் நிறுவனம் என எல்லாருமே பெட்டியை மாற்ற வேண்டியதாயிற்று. அவர்களை மாற வைத்தது ஊராட்சி மன்ற உரிமத்தில் சேர்ந்த ஒரு நிபந்தனை.

பெட்டி மாறியது. உள்ளே போகும் சோறும் கறியும் எப்படி விளைகின்றன, எவ்வளவு மிஞ்சுகின்றன, மிஞ்சியது எங்கே போகிறது என்பதை அந்த நிபந்தனை தொடவில்லை. பருவநிலைக் கணக்கில் பெட்டியைவிடப் பல மடங்கு கனமானது உள்ளே இருக்கும் உணவுதான். அதிலும் பள்ளிப் பிள்ளைக்கும் நோயாளிக்கும் மன்றக் கூட்டத்துக்கும் பெருநாள் உபசரிப்புக்கும் பொதுப்பணத்தில் வாங்கும் உணவை மாற்றுவது, வீடுவீடாகச் சமையலை மாற்றச் சொல்வதைவிட எளிது. டெண்டர் தாளில் நாலு வரி மாறினால் ஆயிரக்கணக்கான தட்டுகள் மாறும். அந்த நாலு வரிதான் இவ்வுரையின் பொருள்.

மனிதரால் உலகில் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உணவோடு தொடர்புடையது. காட்டை அழித்து நிலமாக்குவது, உரம், மாட்டின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேன், நீர் தேங்கிய நெல்வயல், குளிர்பதனக் கிடங்கு, சமையல், கடைசியில் குப்பைமேடு என்று அது நீள்கிறது. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளிலிருந்து கிடைத்த தரவுகளைத் தொகுத்து 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. அதன்படி 100 கிராம் புரதத்தைத் தர, இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் மாடு உலகச் சராசரியில் 50 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான வாயுக்களைக் காற்றில் சேர்க்கிறது. கோழிக்கு 5.7 கிலோ. முட்டைக்கு 4.2. சோயாக்கட்டிக்கு 2. பருப்பு, பயறு வகைகளுக்கு ஒரு கிலோவுக்கும் கீழே.

500 பேர் வரும் ஒரு திறந்த இல்ல உபசரிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்கு 20 கிராம் புரதம் என்று வைத்தால், மாட்டிறைச்சியில் அது 5 டன் ஆகிறது. கோழியில் 570 கிலோ. பருப்பில் 100 கிலோவைக்கூடத் தொடாது. இந்த எண்கள் உலகச் சராசரிகள். இந்தியாவிலிருந்து மலேசியாவுக்கு உறைய வைத்து வரும் எருமை இறைச்சிக்கும் பிரேசில் மாட்டுக்கும் கணக்கு வேறுபடும். ஆனால் ஏணியின் படிகள் இடம் மாறுவதில்லை. உணவு கடந்து வரும் தூரம் பலரும் நினைக்கும் அளவுக்குப் பெரிதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிகிறது: உணவின் மொத்த வெளியேற்றத்தில் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடு. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த பருப்பு, பக்கத்துப் பண்ணையின் மாட்டிறைச்சியைவிட இந்த வகையில் நல்லது.

கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2050க்குள் கரிமச் சமநிலையை எட்டுவதற்கான பருவநிலைச் செயல் திட்டத்தை வகுத்திருக்கிறது. சி40 என்ற உலக மாநகரங்களின் கூட்டமைப்பிலும் அது உறுப்பினர். இருந்தும், ஒரு நகரம் தன் வெளியேற்றத்தைக் கணக்கிடும் வழக்கமான முறையில் நகர எல்லைக்குள் எரியும் மின்சாரமும் எரிபொருளும் குப்பையுமே முன்னால் நிற்கின்றன. கேமரன் மலையிலும் கெடாவிலும் வேறு நாடுகளிலும் விளைந்து நகரத்துக்குள் வந்து சாப்பிடப்படும் உணவு, குப்பைத் தொட்டிக்குள் விழுந்த பிறகுதான் நகரத்தின் கணக்கில் ஏறுகிறது. நகரவாசிகள் வாங்கி நுகர்வதை எல்லாம் சேர்த்து சி40 அமைப்பு 2019இல் கணக்கிட்டபோது, உறுப்பு நகரங்களின் வெளியேற்றத்தில் உணவின் பங்கு 13 விழுக்காடு என்று வந்தது. கணக்கில் ஏறாத பொருளுக்குத் திட்டம் போட யாரும் முன்வருவதில்லை. இந்த விடுபடல்தான் முதலில் சரிசெய்யப்பட வேண்டும்.

பொது உணவை மாற்றிய ஐரோப்பிய நகரங்களின் கதையை அப்படியே எடுத்து வந்து கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒட்ட முடியாது. அங்கே பல நகராட்சிகள் பள்ளிகளையும் முதியோர் இல்லங்களையும் தாங்களே நடத்துகின்றன. இங்கே பள்ளி கல்வி அமைச்சின் கையில். மருத்துவமனை சுகாதார அமைச்சின் கையில். கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், சுபாங் ஜெயா, கிள்ளான் மன்றங்கள் நேரடியாக வாங்கும் உணவு என்பது கூட்டங்கள், பயிற்சிகள், கோத்தோங் ரோயோங் காலைச் சாப்பாடு, பெருநாள் உபசரிப்புகள் என்ற அளவில்தான். ஆனால் அவற்றின் கை அதைவிட நீளம். உணவு அங்காடி நிலையங்கள், இரவுச் சந்தைகள், ரமலான் சந்தைகள் எல்லாவற்றுக்கும் இடமும் உரிமமும் தருவது மன்றமே. பாலிஸ்டிரீனை விரட்டியது அந்தக் கைதான்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். வரி கட்டுபவர் தம் மன்றத்தின் சாப்பாட்டுப் பட்டியலைப் பற்றி வாக்குச்சீட்டின் வழியே எதுவும் சொல்ல முடியாது. அதனால் குடியிருப்பாளர் சங்கமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிர்வாகமும் இந்த விஷயத்தில் வேறு நாடுகளில் இருப்பதைவிட அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

பெரிய சமையல், கூட்டரசின் சமையல். பள்ளிகளில் ‘ஆர்.எம்.டி.’ என்று எல்லாரும் சொல்லும் கூடுதல் உணவுத் திட்டத்தை 1979 முதல் கல்வி அமைச்சு நடத்தி வருகிறது. வசதி குறைந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு வேளை; தமிழ்ப்பள்ளிகளில் இதை நம்பி வரும் பிள்ளைகள் ஏராளம். தீபகற்பத்தில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 2.50 ரிங்கிட் என்று நெடுங்காலம் இருந்த தொகை, 2022இல் 3.50 ரிங்கிட்டாக உயர்ந்தது. சபா, சரவாக்கில் 3 ரிங்கிட்டிலிருந்து 4. அந்த 3.50 ரிங்கிட்டுக்குள் சோறோ மீயோ, முட்டையோ கோழியோ, ஒரு துண்டுப் பழம், கேண்டீன்காரரின் கூலி, அடுப்புச் செலவு எல்லாம் அடங்கியாக வேண்டும். கேண்டீன் நடத்தும் அம்மாவுக்குப் பருவநிலை மாற்றத்தைப் பற்றி வகுப்பு எடுப்பதில் பயனில்லை. என்ன போட வேண்டும், எத்தனை கிராம் போட வேண்டும் என்று அமைச்சின் பட்டியல் சொல்கிறதோ அதைத்தான் அவர் சமைப்பார்; விலை கட்டினால் நன்றாகவும் சமைப்பார்.

பட்டியலை எழுதுபவரே சமையலை முடிவு செய்கிறார் என்பதற்குத் தமிழரிடையே நூறாண்டுக்கு மேற்பட்ட சான்று இருக்கிறது. 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்யக் கூடாதென்று ஆங்கில அரசு தடுத்ததால் 1925இல் திட்டம் நின்று, பின்னர் மீண்டது. ஊராட்சி அமைப்பொன்று தன் பணத்தில் உணவு வாங்கிப் பிள்ளைகளுக்குப் போட்ட அந்த முயற்சிதான் காமராசர் காலத்து மதிய உணவுக்கும், 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவுக்கும் முன்னோடி. 2013இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சோறு ஐந்து ரூபாய், தயிர்ச்சோறு மூன்று ரூபாய். அதுவும் மாநகராட்சி வாங்கிய அரிசி, மாநகராட்சி வாங்கிய பருப்பு.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இன்னும் தெளிவான பாடம். முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள். அவற்றில் 417 மாநகராட்சிப் பள்ளிகள். பிள்ளை ஒன்றுக்கு அரிசியோ ரவையோ சிறுதானியமோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், அந்தந்த ஊரில் கிடைக்கும் காய்கறி, வாரத்தில் இரண்டு நாளாவது அங்கே விளையும் சிறுதானியம் என்று அரசாணையிலேயே அளவு எழுதப்பட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாள்வாரியாகப் பட்டியலும் உண்டு. பருவநிலையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஆணை அன்று. பசியையும் செலவையும் பார்த்து எழுதப்பட்டது. ஆனாலும் பருப்பும் காயும் சிறுதானியமும் சேர்ந்த அந்தத் தட்டு, உலகின் பல பெருநகரங்கள் இன்று எட்ட முயலும் அளவைவிடக் குறைந்த வெளியேற்றத்தில் நிறைகிறது. அந்த 15 கிராம் பருப்பை ஆணைக்குள் கொண்டுவந்தவர்கள் யாரோ, அவர்கள் செய்தது பெரிய காரியம்.

நியூயார்க் செய்தது இதற்கு நேர்மாறான திசையிலிருந்து வந்த வேலை. அங்கே தட்டில் இறைச்சி நிறைந்திருந்தது. அந்த நகரம் நடத்தும் 11 பொது மருத்துவமனைகளில் 2022 மார்ச்சில் மதிய உணவையும், செப்டம்பரில் இரவு உணவையும் மாற்றினார்கள். நோயாளியிடம் முதலில் சொல்லப்படுவது ஒரு சைவ உணவு. வேண்டாம் என்றால் இன்னொரு சைவ உணவு. அதுவும் வேண்டாம் என்றால் இறைச்சி உண்டு, கேட்டால் மறுப்பில்லை. யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை, கேட்கும் வரிசை மட்டும் மாறியது. 2023இல் இந்த மருத்துவமனைகளின் உணவுசார் வெளியேற்றம் 36 விழுக்காடு குறைந்ததாக நகரம் அறிவித்தது. ஒரு சாப்பாட்டுக்கு 59 சென்ட் மிச்சம். சாப்பிட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நிறைவு தெரிவித்தார்கள். நகரம் வாங்கும் உணவு முழுவதிலும் 2030க்குள் வெளியேற்றத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்க அந்நகர மேயர் 2023இல் உறுதி கூறினார்.

அந்த வெற்றிக்கு உள்ளே இருக்கும் இன்னொரு காரணம் கவனிக்கத்தக்கது. நோயாளிகளில் பலர் லத்தீன் அமெரிக்கா, கரீபியன், தெற்காசியா ஆகிய பகுதிகளிலிருந்து வந்த குடும்பத்தினர் என்பதால், அவரவர் வீட்டில் ஏற்கெனவே பழகிய பீன்ஸ், கடலை, பருப்புச் சமையலைச் சமையல்காரர்கள் பட்டியலில் ஏற்றினார்கள். வேகவைத்த காய்கறியைக் கடமைக்கு வைத்திருந்தால் தட்டுகள் திரும்பியிருக்கும்.

கோப்பன்ஹேகனின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2007 முதல் அந்த நகரம் தன் பொதுச் சமையலறைகளின் சமையல்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கி, பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ 90 விழுக்காடு இயற்கை வேளாண் பொருள்களுக்கு மாறியது. விலை கூடிய பொருள்களுக்கான காசு, இறைச்சியைக் குறைத்ததிலும் வீணாவதைக் குறைத்ததிலும் ஆயத்தப் பொருளை விட்டு நேரடியாகச் சமைத்ததிலும் கிடைத்தது. 2019இல் அதே நகரம், தன் உணவின் கரிமச் சுவட்டை 2025க்குள் 25 விழுக்காடு குறைக்க இலக்கு வைத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் பாரிஸ், லண்டன், மிலான், சியோல், டோக்கியோ, கேசோன் சிட்டி உள்ளிட்ட 14 நகரங்கள் பொதுக் கொள்முதல் உணவைப் பூமிக்கு உகந்த உணவுமுறைக்கு 2030க்குள் மாற்ற ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டன. ஆசியாவின் மூன்று நகரங்கள் அதில் இருக்கின்றன. கோலாலம்பூர் அந்தப் பதினான்கில் இல்லை.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பொதுத் தட்டில் கரிமம் எங்கே இருக்கிறது? முதலில் மாட்டிறைச்சி. பள்ளி உணவில் அதன் இடம் சிறிது. உபசரிப்பு மேசைகளில் அது அடிக்கடி வருகிறது. இங்கே ஒரு விசித்திரமான வசதி உண்டு. இந்துக்களில் பெரும்பாலோரும் சீனரில் கணிசமானோரும் மாட்டிறைச்சி உண்பதில்லை. எல்லா இனமும் ஒன்றாக உட்காரும் மன்ற உபசரிப்பில் மிகப் பலர் கைவைக்காத பாத்திரமும், காற்றை மிக அதிகம் கெடுக்கும் பாத்திரமும் ஒன்றாகவே இருக்கின்றன. ரெண்டாங்கைப் பெருநாள் வீட்டிலிருந்து யாரும் எடுக்கப் போவதில்லை, எடுக்கவும் கூடாது. மன்றம் பொதுப்பணத்தில் வாங்கும் சாப்பாட்டில் கோழி, முட்டை, மீன், தெம்பே, பருப்பு என்று வைத்தால் மேசையில் எல்லாருக்கும் இடமிருக்கும்.

இரண்டாவது அரிசி. நீர் தேங்கிய வயலின் சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்குகின்றன. மனிதச் செயலால் வரும் மீத்தேனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நெல்வயலிலிருந்து வருவது. சோற்றைக் கைவிடச் சொல்வது மடமை. வயலுக்கு நீர் பாய்ச்சி, காய விட்டு, மீண்டும் பாய்ச்சும் முறையில் அந்த மீத்தேன் பாதியளவு வரை குறைகிறது என்று பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனம் நெடுநாளாகக் காட்டி வருகிறது; தண்ணீரும் மிஞ்சுகிறது. கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் செக்கிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்கள் இருக்கின்றன. அந்த முறையில் விளைந்த அரிசியை இத்தனை டன் வாங்குகிறோம் என்று ஒரு பொது நிறுவனம் முன்கூட்டியே உறுதி கொடுத்தால் உழவர் மாறுவதற்குக் காரணம் கிடைக்கும். பிரேசில் 2009இலேயே பள்ளி உணவுக்கான கூட்டரசுப் பணத்தில் 30 விழுக்காடாவது சிறு உழவர் குடும்பங்களிடம் வாங்கச் செலவாக வேண்டும் என்று சட்டம் போட்டது.

அரிசியில் தூரமும் ஒரு வகையில் முக்கியம்தான், கரிமத்துக்காக அன்று, கையிருப்புக்காக. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் முதல் தேதி, மலேசியாவுக்கு அரிசியை இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. கேண்டீன்காரரின் 3.50 ரிங்கிட் அப்படியே இருந்தது. பர்மா அரிசி நின்றுபோய் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் காத்த ஜப்பான் காலத்தை இன்னும் நினைவில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்தப் பாடம் புதிதில்லை.

மூன்றாவது, கிள்ளான் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை உடனே கைவைக்க வேண்டியது, வீணாகும் உணவு. திடக்கழிவு மேலாண்மைக் கழகம் சொல்லும் கணக்கில் மலேசியாவில் நாளுக்கு ஏறத்தாழ 17,000 டன் உணவுக் கழிவு விழுகிறது; அதில் ஏறத்தாழ 4,000 டன் இன்னும் சாப்பிடக்கூடிய நிலையில் இருப்பது. அதைக் கொண்டு ஏறத்தாழ 3 மில்லியன் பேருக்கு மூன்று வேளை சாப்பாடு போடலாம். ரமலான் மாதத்தில் கழிவு கூடுகிறது. கோலாலம்பூர்க் குப்பை தாமான் பெரிங்கினில் லாரி மாறிப் புக்கிட் தாகார் போகிறது; கிள்ளான் குப்பை ஜெரம் போகிறது. காற்றுப் புகாமல் மண்ணுக்குள் அமுங்கிய சோறு மீத்தேனாகிறது. இருபதாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். புக்கிட் தாகாரில் அந்த வாயுவைப் பிடித்து மின்சாரமாக்குகிறார்கள், நல்லதுதான். ஆனால் மேட்டிலிருந்து வரும் வாயு முழுவதும் குழாய்க்குள் சிக்காது. விளைவிக்கச் செலவான தண்ணீரும் உரமும் டீசலும் திரும்பியும் வராது.

பொது நிகழ்ச்சிகளில் சோறு மிஞ்சுவதற்குக் காரணம் சமையல்காரரின் கைதவறல் அன்று. கேட்டரிங் ஆர்டர் ‘பேக்ஸ்’ கணக்கில் போகிறது. 300 பேக்ஸ் என்று எழுதினால் 300 பேருக்குக் காசு. 200 பேர் வந்தாலும் 300 பேருக்குக் காசு. குறைந்துபோனால் ஏற்பாட்டாளருக்கு அவமானம், மிஞ்சினால் யாருக்கும் நட்டமில்லை. இந்தக் கணக்கு இருக்கும்வரை சுவரொட்டி ஒட்டிப் பயனில்லை. வந்தவர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம், மிஞ்சியதை எடைபோட்டு எழுதிக் கொடுப்பது, கெடாமல் இருப்பதை உணவு வங்கிக்குச் சேர்ப்பது ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதலாம். நல்ல எண்ணத்தோடு உணவைத் தானம் செய்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் 2020இல் வந்துவிட்டது. மிஞ்சும் உணவைத் திரட்டி இல்லங்களுக்குக் கொண்டு சேர்க்கும் ‘தி லாஸ்ட் ஃபூட் புராஜெக்ட்’ என்ற அமைப்பு கோலாலம்பூரில் 2016 முதல் இயங்குகிறது. வழி இருக்கிறது, ஒப்பந்தத்தில் வரி இல்லை.

இந்தப் பேச்சில் ஓர் ஆபத்தும் உண்டு. கரிமத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லி ஏழைப் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிடுவது எளிது. கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் யுனிசெஃப் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள் என்று தெரிந்தது. பளபளக்கும் கோபுரங்களின் நிழலில் இப்படி ஒரு நிலைமை. அந்தப் பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் மீனும் வேண்டும். இன்னும் கூடுதலாகவே வேண்டும். ஒரு பிள்ளையின் முட்டையில் இருக்கும் கரிமம் மிகச் சிறிது. அமைச்சர் மேசையின் மாட்டிறைச்சியிலும் மண்டபத்தின் மிச்சச் சோற்றிலும் தொடங்க வேண்டிய சிக்கனத்தை ஆர்.எம்.டி. தட்டில் தொடங்கினால் அது அநீதி. 3.50 ரிங்கிட்டைக் கூட்டி, அதற்குள் பருப்பையும் கீரையையும் சேர்ப்பதே செய்யத்தக்கது.

பெரியவர்களின் நிலை வேறு. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் வயதுவந்தோரில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு என்று வந்தது. இந்தியரிடையே அது 31 விழுக்காடு. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் மருந்தகத்தில் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தாலே இந்த எண் புரியும். தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு புரதம், பாதி காயும் பழமும் என்று சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செபாரோ’ என்ற பெயரில் பல ஆண்டுகளாகப் பரப்பி வருகிறது. அந்தத் தட்டில் புரதப் பங்கைப் பருப்பாலும் தெம்பேயாலும் பயற்றாலும் நிரப்பினால், மருத்துவர் சொல்வதும் பருவநிலை ஆய்வாளர் சொல்வதும் ஒரே சாப்பாடாகிவிடுகிறது. அரசாங்க மருத்துவமனைகளில் சைவச் சாப்பாடு இப்போதும் கேட்டால் கிடைக்கிறது. நியூயார்க்கைப் போல அதையே முதலில் சொல்லிப் பார்ப்பதற்குப் புதுச் சமையலறை தேவையில்லை.

அந்தச் சமையல் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்பது கிள்ளான் பள்ளத்தாக்கின் பேறு. பிரிக்பீல்ட்ஸில் நுண்கலைக் கோயிலோடு இணைந்த அன்னலட்சுமி உணவகம் சைவ விருந்து படைக்கிறது. தைப்பூசத்தின்போது பத்துமலைக்குப் போகும் வழியெங்கும் பந்தல் போட்டுப் பல்லாயிரம் பேருக்குச் சாம்பார் சோறு, தயிர்ச்சோறு, சுண்டல் கொடுப்பவர்கள் எந்தக் கேட்டரிங் நிறுவனத்துக்கும் சளைத்தவர்களில்லை. ஆயிரம் பேருக்கு எத்தனை படி அரிசி, எத்தனை கிலோ பருப்பு என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த அறிவு கோயில் வாசலோடு நின்றுவிடுகிறது. மன்றங்களின் டெண்டரில் கலந்துகொள்ள இவர்களில் பலருக்குப் பதிவு இல்லை, படிவம் தெரியாது, பெரிய நிறுவனங்களோடு போட்டி போட முதலும் இல்லை. ஒப்பந்தங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, மகளிர் குழுக்களும் சிறு சமையல்காரர்களும் எடுக்கக்கூடியதாக ஆக்கினால் சாப்பாடும் நன்றாக இருக்கும். பணமும் ஊருக்குள்ளேயே சுற்றும்.

பசுமைக் கொள்முதல் என்ற எண்ணம் மலேசிய அரசாங்கத்துக்குப் புதிதில்லை. 2016 முதல் 2020 வரையான 11ஆவது மலேசியத் திட்டத்திலேயே அரசாங்கக் கொள்முதலில் 20 விழுக்காடு பசுமையாக இருக்க வேண்டும் என்று இலக்கு இருந்தது. தாள், பெயின்ட், விளக்கு ஆகியவற்றுக்கு அளவுகோல் எழுதிய அதிகாரிகளுக்குச் சாப்பாட்டுக்கு எழுதுவது கடினமான வேலை அன்று. பெட்டாலிங் ஜெயா 2000ஆம் ஆண்டிலேயே ‘உள்ளூர் நிகழ்ச்சி நிரல் 21’ திட்டத்தின் முன்னோடி நகரங்களில் ஒன்றாகக் குடியிருப்பாளர்களை மன்றத்தோடு உட்கார வைத்த ஊர். அங்கே எழுதப்படும் ஒரு வரி, பக்கத்து மன்றங்களுக்கும் பரவும்.

கிள்ளான் 2024 பிப்ரவரி 5 அன்று அரச மாநகர் ஆனது. புதிய மாநகர் மன்றத்தின் உணவு ஒப்பந்தங்கள் எப்படியும் புதிய பெயரில் எழுதப்பட வேண்டியவை. அடுத்த தீபாவளி உபசரிப்புக்கான டெண்டர் தாளிலேயே இதைத் தொடங்கலாம். 500 பேருக்கு ஆளுக்கு 80 கிராம் அரிசி, 40 கிராம் பருப்பு அல்லது பயறு, 150 கிராம் உள்ளூர்க் காய்கறி, கேட்பவர்களுக்குக் கோழி, மாட்டிறைச்சி இல்லை, தட்டுக்குப் பதில் வாழை இலை, முதலில் 350 பேருக்குச் சமைத்து, மிச்சத்தைக் கூட்டம் பார்த்து இறக்குவது, நிகழ்ச்சி முடிந்த மறுநாள் மிஞ்சியது எத்தனை கிலோ, அது எங்கே போனது என்று ஒப்பந்தக்காரர் எழுத்தில் தருவது, அந்த எண்ணை மன்றம் தன் செலவுக் கணக்கோடு சேர்த்து வெளியிடுவது. மூன்று பெருநாள்களுக்கு இப்படிச் செய்து எண்கள் கைக்கு வந்தால், அவற்றை எடுத்துக்கொண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கல்வி அமைச்சிடம் ஆர்.எம்.டி. பட்டியலைப் பற்றிப் பேசப் போகலாம்; ஒரு பிள்ளைக்கு எத்தனை கிராம் பருப்பு, அதற்கு எத்தனை சென் கூடுதலாக வேண்டும் என்ற கணக்கோடு.